கோழிக்குத் தந்த பொடி

தண்டையார்பேட்டையில் பிராய்லர் கடை வைத்திருக்கும் பக்ருதீனுக்கு அறுபத்தாறு வயது. சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம். வாய் மட்டும் பிறந்ததிலிருந்தே நீளம். அறுபது தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு மூலிகைப் பொடி கொடுத்து ஆராய்ச்சி செய்ய ஹெப்சிபா என்ற டாக்டரம்மா வந்தபோது, இவரும் பெயர் கொடுத்தார். பொடியை முதலில் பிராய்லர் தீவனத்தில் கலந்து பார்த்ததாகவும், கோழிகளின் ரத்தத்தில் சர்க்கரை குறைந்ததாகவும் அந்தம்மா பெருமையாகச் சொன்னாள்.

“நாப்பது நாள்ல என் கத்திக்கு வர்ற கோழி. அதுக்கு சர்க்கரை ஏறுனா இன்னா, எறங்குனா இன்னா?” என்று சிரித்த பக்ருதீன், பொடிப் பொட்டலங்களைக் கடை டிராயரில் வீசினார்.

முதல் மாதப் பரிசோதனையில் இருநூற்று எழுபது. எல்லார் முன்னாலும் டாக்டரம்மா அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். மானம் போன மனிதர் அப்போதாவது பொடியைத் தின்றாரா? அதுதான் இல்லை. அடுத்த பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் தண்ணீரோடு பட்டினி கிடந்தார். வீட்டில் கேட்டால், கடையிலேயே சாப்பிட்டாயிற்று என்றார். வருடா வருடம் முப்பது நோன்பு வைக்கிறவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? வந்தது தொண்ணூற்றெட்டு. கைதட்டினார்கள். படித்தவர்களை ஏமாற்றுவது கோழி உரிப்பதைவிடச் சுலபம் என்று நினைத்துக்கொண்டார்.

“நெசமாவே பொடியா கேக்குது?” என்றாள் மனைவி ரசூல் பீவி. அவளுக்கும் சர்க்கரை உண்டு.

“பின்ன? மாத்திரையெல்லாம் தண்டம். பொடிதான்!”

இந்தப் பீற்றல் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் இந்த ஆளுக்கு?

நான்காவது மாதக் கடைசியில் ரசூல் பீவியின் கால் கட்டைவிரல் கறுத்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை நானூற்றுப் பத்து. மாத்திரை போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார்.

“ரெண்டு மாசமா இல்ல டாக்டர். இவரு கடை டிராயர்ல பொடி நெறைய மிச்சம் கெடந்துச்சு. அத்தத்தான் கலக்கிக் குடிச்சுகினு இருந்தேன். இவருக்குத் தொண்ணூத்தெட்டு வந்துச்சே!”

விரலை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். பக்ருதீனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ரசூலு... நான் அந்தப் பொடிய தொட்டதேயில்ல. பட்டினி கெடந்துட்டுப் போவேன். அவ்ளோதான்.”

அவள் அழவில்லை. நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்து, கணவர்தானே என்று அவரிடம் நீட்டினாள். அவர் பேனாவைத் திறப்பதற்குள் ரசூல் பீவி படிவத்தைப் பிடுங்கினாள்.

“இங்க குடு, நானே போடுறேன். உன்ன நம்புனதுக்கு ஒரு வெரலு போதும்.”