கேரவனுக்கு ஒரு வால்

அண்ணன் சிரித்ததைக்கூட ரிவிட்டு மன்னித்திருப்பாள். சிரித்து முடித்துவிட்டு, "பாதி வழியில பேட்டரி படுத்துடும் பாப்பா. நீ ஒண்ணும் கவலைப்படாத, நானே கயிறு கட்டி இழுத்துட்டு வரேன்" என்றானே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. போனை வைத்த பிறகும் காது சுட்டது.

விஷயம் இதுதான். அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அத்தை போகாமல் இருக்க முடியுமா? ஆனால் அண்ணன் வீட்டில் தங்குவது இருக்கிறதே, அது தனி வேதனை. போன தடவை அவளுக்கும் புருஷனுக்கும் துணி தேய்க்கிற அறையில் படுக்கை போட்டாள் அண்ணி. காலையில் யாராவது சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால், இவர்கள் எழுந்து படுக்கையைச் சுருட்ட வேண்டும். "உங்களுக்கென்ன, எங்க வேணும்னாலும் தூங்கிடுவீங்க" என்று அண்ணி சொன்னதில் பாராட்டு ஒரு துளியும் இல்லை. இனி அந்த வாசலுக்குப் போனால் சொந்தக் கூரையோடுதான் போவது என்று ரிவிட்டு அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அப்படி வாங்கியதுதான் இந்தப் பழைய கேரவன். காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். இரண்டு பேர் படுக்கலாம், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல்.

"கேரவனா! எந்தப் படத்துல நடிக்கிறீங்க?" என்று அண்ணி கேட்டாள்.

கேட்கட்டும். சிக்கல் அண்ணி இல்லை, கார். அது பேட்டரியில் ஓடுகிற சின்னக் கார். தனியாக ஓடினால் முந்நூறு கிலோமீட்டர் அலுங்காமல் போகும். கேரவனை மாட்டினால் நூற்று நாற்பத்தைந்தில் மூச்சை விட்டுவிடும். அண்ணன் ஊருக்கு முன்னால் ஒரு பொட்டல்வெளி. அங்கே ஒரு சார்ஜ் நிலையத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே நூற்று அறுபது கிலோமீட்டர். மெதுவாகப் போய் மிச்சம் பிடிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. அந்த நெடுஞ்சாலையில் எண்பதுக்குக் கீழே ஓட்டினால் போலீஸ் ஓரம் கட்டும். ஆக, பதினைந்து கிலோமீட்டர் துண்டு விழுகிறது.

"பதினஞ்சு கிலோமீட்டர் என்னைக் கேலி பண்ணுமா? பார்த்துடலாம்" என்றாள் ரிவிட்டு.

பெரிய கட்டடங்களில் ஏசி காற்றுப் போகிற தகரக் குழாய்களை மடித்து, அடித்து, பொருத்துவது அவள் தொழில். இருபது வருஷமாக அதே பட்டறை. தகரத்தோடு தகரத்தைச் சேர்க்க அவள் அடித்த ரிவிட் ஆணி கழன்றதில்லை, பிடித்த பிடியும் தளர்ந்ததில்லை என்றுதான் அங்கே அவளுக்கு அந்தப் பெயர். காற்றைப் பற்றி எனக்கா பாடம் என்ற நினைப்பு அவளுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கேரவனின் முகத்துக்குக் கூரான தகர மூக்கு ஒன்று செய்து மாட்டினாள். பளபளவென்று, பார்க்கவே மிரட்டலாக இருந்தது. ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தாள். நூற்று நாற்பத்தெட்டு!

"மூணு கிலோமீட்டருக்கு இவ்ளோ பெரிய மூக்கா?" என்றார் புருஷன்.

அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாது மனுஷன். ராத்திரி டியூட்டியில் தூக்கம் வராமல் இருக்க ஸ்வெட்டர் பின்னுவார், அதனால் வீட்டில் கம்பளி நூலுக்குப் பஞ்சமில்லை. அந்த நூலைத்தான் ரிவிட்டு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறையில் குழாய் எங்கே கசிகிறது என்று தெரியாவிட்டால், ஒரு நூலைப் பிடித்துப் பார்ப்பார்கள். நூல் பொய் சொல்லாது.

சிவப்பு நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, கேரவன் முழுக்க டேப் போட்டு ஒட்டினார்கள். முந்நூறு துண்டு. பட்டறை வெல்டர் தன் வேனில் புருஷனை ஏற்றிக்கொண்டு பக்கத்திலேயே வந்தார். புருஷன் போனில் படம் பிடித்தார். அம்மை போட்ட மாதிரி ஒரு வண்டி ஓடுவதைப் பார்த்துத் தெருவில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து படத்தைப் போட்டுப் பார்த்தாள். மூக்கின் மேல் நூலெல்லாம் வாரிவிட்ட தலைமுடி போலப் படிந்து கிடந்தது. மூக்கு முடிந்து பக்கச் சுவர் தொடங்குகிற விளிம்பில்தான் வந்தது வினை. அங்கே நூல்கள் எழுந்து நின்று ஆடின. சில முன்பக்கமாகவே திரும்பிப் பார்த்தன. பின்பக்கச் சுவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஒரே சந்தைக் கூட்டம்.

"அட, முட்டாளே!" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். "குழாய்க்குள்ள காத்துக்கு நாலு பக்கமும் சுவர் இருக்குங்க. நாம தள்ளின பக்கம்தான் போவும், வேற வழியில்ல. வெளியில இருக்கற காத்தை யாரு பிடிச்சு வச்சிருக்கா? ஒரு முனை இடிச்சா கோவிச்சுக்கிட்டுப் பிச்சுக்கிட்டுப் போயிடுது. பின்னாடி வெறும் குழி. அந்தக் குழிதான் வண்டியைப் பின்னால இழுக்குது."

"அப்ப மூக்கு?"

"மூக்கைக் கழட்டு. வால் வைக்கணும்."

அடுத்த மூன்று வாரம் சாப்பாடு, தூக்கம் எல்லாம் அரைகுறைதான். கழிவுநீர்க் குழாயை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, முன்பக்க விளிம்புகள் எல்லாவற்றிலும் உருண்டையாகப் பொருத்தினாள். கூரையில் துருத்திக்கொண்டிருந்த மூடியைத் தாழ்த்தினாள். அடிவயிற்றில் கம்பியும் குழாயும் தொங்கிய இடத்தைத் தட்டையான பிளாஸ்டிக் தகடால் மூடினாள். பின்னால் முழங்கை நீளத்துக்கு, உள்பக்கமாகச் சரிந்த நான்கு தகரப் பலகைகள்; பின்விளக்கு மறையாமல் அதை வெளியே தள்ளி வைத்தாள். ஒவ்வொரு தடவையும் நூல், ஒவ்வொரு தடவையும் வெல்டரின் வேன். சரிவு அதிகமானால் நூல் மறுபடி ஆடியது, குறைத்தால் படிந்தது. கடைசி ஓட்டத்தில் நூற்று எண்பது வந்தது. புருஷன் அவளைக் கட்டிப்பிடித்ததில் கிரீஸ் எல்லாம் அவர் சட்டையில்.

கிளம்பிய அன்று காற்று எதிரே நின்றது. பொட்டல்வெளியில் ஒரு மரம் இல்லை, ஒரு சுவர் இல்லை. எழுபது கிலோமீட்டர் வரைக்கும் கணக்குச் சரியாகவே வந்தது. அதற்கப்புறம் திரையில் எண் தடதடவென்று இறங்கியது. பின்னாலிருந்து டபடபவென்று ஒரு சத்தம் வேறு.

"முப்பது சதவீதம்தாம்மா இருக்கு. இன்னும் அம்பது கிலோமீட்டர்" என்றார் புருஷன். அவர் குரல் நோயாளியிடம் ரிசல்ட் சொல்கிற குரலாக மாறியிருந்தது.

சாலையோரம் வண்டி நிறுத்துகிற இடம் ஒன்று வந்தது. ஒதுக்கினாள். பார்த்தால், அங்கே ஏற்கெனவே அண்ணன் நிற்கிறான்! லாரி கணக்காக ஒரு ஜீப், தோளில் சுருட்டிய கயிறு.

"வருவேன்னு சொன்னேன்ல பாப்பா?"

அவள் கேரவனின் பின்பக்கம் ஓடினாள். வாலின் கீழ்ப்பலகையில் ஒரு பக்கம் தையல் விட்டுப்போய்த் தகரம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அடித்த ரிவிட் கழலவில்லை. அவசரத்தில் அந்த ஓரத்தில் ரிவிட்டுக்குப் பதில் டேப் ஒட்டியிருந்தாள். தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"அந்த டப்பாவைப் பிச்சுப் போடு" என்றான் அண்ணன். "என் ஜீப் பின்னாடி ஒட்டினாப்ல வா. காத்தை நான் வாங்கிக்கிறேன், உனக்குப் பேட்டரி மிச்சம். மாப்ள, நீங்களாவது சொல்லுங்க."

"மச்சான் சொல்றதும் நியாயம்தானே..." என்று ஆரம்பித்த புருஷன், அவள் பார்வையைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் சுலபமாகப் போயிருக்கும். படிக்க வைத்தான், வேலைக்குச் சிபாரிசு பிடித்தான், கல்யாணம் பண்ணி வைத்தான். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு ஊரெல்லாம் சொன்னான். அவள் எங்கே போய்ச் சேர்ந்தாலும் "நான் கொண்டாந்து விட்டது" என்பான். அவன் முதுகுக்குப் பின்னால் நடந்து நடந்து அவளுக்கு எதிரே இருப்பது என்னவென்றே தெரியாமல் போயிற்று. நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

டிக்கியைத் திறந்து ரிவிட் அடிக்கிற கைக்கருவியை எடுத்தாள். காற்று முகத்தில் மண்ணை அடித்தது. புருஷன் பலகையை நெஞ்சால் அழுத்திப் பிடிக்க, ஒன்பது ரிவிட் அடித்தாள். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் நெம்பிப் பார்த்தாள்.

"நீ முன்னாடி போண்ணா. நான் வந்துடுவேன்."

"நின்னு போனா?"

"நின்னா நானே பார்த்துக்கறேன்."

அண்ணன் விடுவானா? கொஞ்ச தூரம் போய் ஜீப்பை மெதுவாக்கி, நேராக அவள் காருக்கு முன்னால் ஒட்டினாற்போல ஓட்டினான். சட்டென்று கார் இலகுவாயிற்று. காற்றுச் சத்தம் அடங்கியது. சுகமாகத்தான் இருந்தது, அதை மறுப்பானேன். புருஷன் திரையைப் பார்த்துவிட்டுக் கெஞ்சினார்:

"கொஞ்ச தூரம்தானேம்மா. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல!"

ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினாள். ஜீப் சின்னதாகிக்கொண்டே போனது. காற்று மறுபடி வந்து கண்ணாடியில் மோதியது. எண்பது, அதற்கு மேல் ஒரு புள்ளி இல்லை. ஏசியை அணைத்தாள். இருபது சதவீதம், முப்பத்து மூன்று கிலோமீட்டர். பதினொன்று, பதினெட்டு. வியர்வை கண்ணில் இறங்கியது. நான்கு சதவீதத்தில் கார் சிவப்பு விளக்குப் போட்டு மிரட்டியது. "போடீ" என்று காரைப் பார்த்துச் சொன்னாள். புருஷன் எண்ணைப் படிப்பதை நிறுத்திவிட்டு அவள் தோளில் கை வைத்துக்கொண்டார்.

ஒரு சதவீதத்தில் சார்ஜ் நிலையத்துக்குள் நுழைந்தாள்.

அண்ணன் கயிற்றோடு அங்கே நின்றுகொண்டிருந்தான். கேரவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். வாலைத் தட்டிப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"என் பின்னாடி வந்திருந்தா பத்து சதவீதமாவது மிச்சமாயிருக்கும் பாப்பா."

"மிச்சமாயிருக்கும்ணா. ஆனா வந்து சேர்ந்தது நீயா நானான்னு எனக்கே தெரியாம போயிருக்கும்."

அண்ணன் வாலை இன்னொரு தடவை பார்த்தான். கயிற்றை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். கார் சார்ஜ் ஏற ஒன்றரை மணி நேரமாகும். காற்று அவன் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ரிவிட்டு கேரவன் கதவைத் திறந்து, படியை இறக்கிப் போட்டாள்.

"வெளியில எதுக்கு நிக்கற? உள்ள வா. கதவு கட்டை, குனிஞ்சு வா."

அவன் கயிற்றை வெளியே தரையில் வைத்தான். குனிந்து உள்ளே வந்தான். அவளுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில், அண்ணன் அவள் வீட்டுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.