நாளுக்கு இருபத்தைந்து ரூபாய்

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் வீரகத்தி மாநகர சபை அலுவலகத்தில் பணம் கட்டும் யன்னலுக்கு முன்னால் நின்றுவிடுவார். கல்லடிப் பக்கத்தில் அவருடைய ஹாட்வெயார் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. சுனாமிக்குப் பிறகு கையில் காசில்லாமல் வந்தவர்களுக்கும் தகரமும் ஆணியும் கொடுத்தனுப்பிய மனிதர். அப்படிப்பட்டவர் தண்டப்பணம் கட்ட வரிசையில் நிற்பதை வெட்கமாகவே நினைக்கவில்லை.

"என்ன அண்ணன், இந்த மாதமும் வந்திட்டீங்க?" என்றாள் யன்னலுக்குள் இருந்த பெண்.

"வாடகை கட்ட வேணுமே பிள்ள!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கோப்புகளோடு அந்தப் பக்கம் வந்த நிஷாந்த் மட்டும் சிரிக்கவில்லை. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அவன். வீரகத்தியின் வளவை அளந்து அறிக்கை எழுதியவனும் அவன்தான்.

"இது வாடகையில்ல அண்ணன். அந்தக் குழிய மாத்தச் சொல்லித்தான் தண்டம் போட்டிருக்கு."

"ஒரு நாளைக்கு இருவத்தஞ்சு ரூவா தம்பி. ஒரு பிளேன்ரீயும் ஒரு சிகரட்டும். நான் சிகரட் குடிக்கிறல்ல, அந்தக் காச சபைக்குத் தாறன். மறுகா என்ன?"

பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் நடந்துவிட்டார்.

விஷயம் இதுதான். கடல் ஊருக்குள் வந்து போன பிறகு மட்டக்களப்பில் நிவாரண நிறுவனங்களுக்கு வீடு தேடித் திரிந்தார்கள். கேட்ட வாடகை கிடைத்தது. வீரகத்தி தன் வீட்டுக்கு மேலே அனுமதி எடுக்காமல் ஒரு தட்டுக் கட்டி, நான்கு அறையும் நான்கு கக்கூசும் போட்டு, ஒரு நிறுவனத்துக்கு மாதம் அறுபதாயிரத்துக்குக் கொடுத்தார். முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டு அவர்களின் வெள்ளை வாகனங்களை விட இடம் செய்தார். மலக்குழிக்கு மிஞ்சியது பின்வேலியோரம் மட்டுமே. வேலிக்கு அந்தப் பக்கம் அன்னப்பிள்ளையின் கிணறு. கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் ஐம்பது அடி இருக்க வேண்டும். இருந்தது பதினெட்டு அடி. அதுவும் வெறும் மணல்.

அன்னப்பிள்ளை புருசனைச் சுனாமிக்குக் கொடுத்தவள். உப்பேறிப் போன அவள் கிணற்றை மூன்று தரம் இறைத்துத்தான் நல்ல தண்ணீராக்கினார்கள். வீரகத்தியின் கிணறு எத்தனை தரம் இறைத்தும் தேறவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அவர் வீட்டுச் சோறும் தேத்தண்ணியும் அன்னப்பிள்ளையின் கிணற்றுத் தண்ணீரில்தான் ஆகின.

கிணற்றில் நாற்றம் அடித்ததும் அவள் வேலியால் எட்டிச் சொல்லிப் பார்த்தாள். "பாப்பம் தங்கச்சி, பாப்பம்" என்றார் அவர். நாலு மாதம் பார்த்துவிட்டு அவள் சபைக்குப் போனாள். வழக்கு நடந்தது. குழியை மாற்றும்வரை நாளுக்கு இருபத்தைந்து ரூபாய் என்று தீர்ப்பானது. மாற்றுவதென்றால் முன்முற்றத்தை உடைக்க வேண்டும். இரண்டு மாதம் வாகனம் விட முடியாது. வெள்ளைக்காரர் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். வீரகத்தி கணக்குப் பார்த்தார். தண்டம் மலிவாக இருந்தது.

கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டுப் போனார். அன்னப்பிள்ளை தெருமுனைக் குழாயில் இரண்டு குடம் பிடித்து ஒற்றை ஆளாகச் சமாளித்தாள்.

சண்டை திரும்பவும் மூண்டு, அந்தத் தைமாதம் வாகரையில் ஷெல்லடி தாங்காமல் சனம் காட்டுவழியே நடந்து வந்தது. அங்கே கட்டிக்கொடுத்திருந்த மகள் உசாந்தி, ஐந்து மாத வயிற்றோடு, மருமகன் தினேஸ், அவன் உறவுக்காரர் எல்லாமாகப் பதினொரு பேர் அன்னப்பிள்ளையின் இரண்டு அறை வீட்டில் வந்து இறங்கினார்கள். அவளோடு பன்னிரண்டு பேருக்கு இரண்டு குடம் எந்த மூலைக்கு? குழாயில் ஒருநாள் தண்ணீர் வரும், மறுநாள் வராது. கொதிக்கவைத்தால் சரி என்று கிணற்றில் அள்ளினாள். விறகு தட்டுப்பாடான நாட்களில் கொதிக்கவைக்கவும் இல்லை.

பங்குனியில் உசாந்திக்குக் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளாகியது. ஐந்தாம் நாள் பேச்சுத் தடுமாறியது. தண்ணியால் வந்த செங்கமாரி என்றார் டொக்டர். கர்ப்பிணிக்கு அது ஆகாது என்றும் சொன்னார்.

செய்தி வேலிக்கு இந்தப் பக்கம் வந்தபோது வீரகத்தி சாப்பாட்டில் இருந்தார்.

"வாற வழியில எங்கெங்க தண்ணி குடிச்சாங்களோ. அந்தக் கிணத்தாலதான் எண்டு ஆர் கண்டது?" என்றார்.

அவர் மனைவி இரத்தினம்மா குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டாள். "அப்ப நம்ம ஏன் அந்தத் தண்ணி குடிக்கிறல்ல? குழி வெட்டி முடிஞ்ச அண்டே என்னட்டச் சொன்னீங்களே, இனி அங்க அள்ளாத எண்டு. எனக்குச் சொன்னீங்க. அவளுக்கு ஏன் சொல்லல்ல?"

வீரகத்தி பிசைந்த சோற்றை விட்டு எழும்பிக் கை கழுவினார். அவருக்குத் தெரிந்திருந்தது. குழி வெட்டி முடிந்த அன்றைக்கே தெரிந்திருந்தது. மாதாமாதம் யன்னலில் நின்று பகிடி விட்டதெல்லாம் அதை மறக்கத்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு பையில் தோடம்பழம், இன்னொன்றில் பால்மாப் பேணி, சட்டைப் பையில் பத்தாயிரம் ரூபாய். வார்ட்டுக்கு வெளியே மர வாங்கில் அன்னப்பிள்ளை இருந்தாள். பிள்ளை வயிற்றிலேயே செத்துப் பிறந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. உசாந்திக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

அவர் காசை நீட்டினார். அவள் கை நீளவில்லை.

"தண்டம் கட்ட வந்தீங்களோ அண்ணன்?" அவள் குரல் உயரவேயில்லை. "மாதாமாதம் கட்டினீங்கதானே. ஆருக்குக் கட்டினீங்க? எனக்கா, என்ட கிணத்துக்கா? ஷெல்லுக்குத் தப்பி வந்த பிள்ளைக்கு நான்தான் என்ட கையால அள்ளிக் குடுத்தன். இந்தக் கைய நான் என்ன செய்யிற?"

வீரகத்தி பழப்பையையும் தூக்கிக்கொண்டு திரும்பினார். வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

அந்தக் கிழமையே நிறுவனத்தாரை வேறு வீடு பார்க்கச் சொன்னார். சீமெந்து முற்றத்தை உடைக்கும்போது கூலியாட்களோடு தானும் அலவாங்கு பிடித்தார். பழைய குழியை உறிஞ்சி எடுத்து மூடி, முன்பக்கம் ஐம்பத்தெட்டு அடி தள்ளிப் புதுக்குழி கட்டினார். நிஷாந்த் வந்து அளந்து கையெழுத்து வைத்தான். அன்னப்பிள்ளையின் கிணற்றையும் இறைத்தார்கள். ஆனால் சோதித்த தண்ணீர் குடிக்க உதவாது, மழை பெய்து மண் கழுவுப்பட ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும் என்று அறிக்கை வந்தது. உசாந்தி உயிரோடு வீடு வந்தாள், வெறுங்கையோடு. அன்னப்பிள்ளை அவரோடு பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தன் செலவில் அவள் வீட்டுக்குக் குழாய் இழுத்துக் கொடுத்தார். அவள் அதில் தண்ணீர் பிடித்தாள், ஆனால் முகம் பார்க்கவில்லை.

வைகாசியில் ஒருநாள் ஆதம்பாவா கடைக்கு வந்தார். காத்தான்குடியில் புடவை வியாபாரம். வீரகத்திக்குப் பழைய வாடிக்கையாளர். அவருடைய தண்டப் பகிடியைக் கடையில் நின்று கேட்டுச் சிரித்தவர்.

"கக்கூஸ் குழிக்கு ஆறு கொங்கிறீட் வளையம் வேணும் வீரகத்தியார். வளவில இடமில்ல, மதிலோரமா இறக்கப் போறன்."

"மதிலுக்கு அங்கால என்ன காக்கா?"

"அடுத்தூட்டுக் கிணறு. சபையில இருந்து வந்து கத்துவாங்கதான். தண்டத்தக் கட்டினா முடிஞ்சி. நீங்கதானே அந்த வழியச் சொல்லித் தந்தீங்க!"

வீரகத்தி எழுதிக்கொண்டிருந்த பேனையை மேசையில் வைத்தார்.

"சொன்னன் காக்கா. அந்தச் சொல்லுக்கு நான் சாகும்வரைக்கும் வெக்கப்படோணும். தண்டமெண்டா 'நிப்பாட்டு' எண்டு சொல்றது. நான் அத அனுமதி எண்டு காசு குடுத்து வாங்கிட்டன். காசு சபைக்குப் போச்சு, என்ட குழித் தண்ணி அடுத்த வீட்டுப் பிள்ளைட வயித்துக்க போச்சு. எவ்வளவு தண்டம் கட்டினாலும் நம்ம செய்த பிழைய அனுபவிக்கிறது அடுத்த வீட்டாக்கள்தான். ஐம்பது அடி தள்ளி வெட்டுறதெண்டாச் சொல்லுங்க, வளையம் நானே ஏத்தி அனுப்புறன். மதிலோரத்துக்கெண்டா என்ட கடையில இல்ல."

ஆதம்பாவா தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவி, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அப்ப," என்றார், "முதல்ல ஒரு அளவு நாடா தாங்க."