கிணற்றடியில் ஒரு புள்ளடி

சிறுவர் சஞ்சிகைக்குச் சித்திரக்கதை வரையும் நஸ்லியா, கதையில் வரும் நரிக்காக ஒரு புதையல் வரைபடம் போட்டாள். மருதமுனையில் தன் வீடிருக்கும் ஒழுங்கையைப் பார்த்தே அதை வரைந்தவள், புதையல் இருக்கும் இடமாகப் பக்கத்து வளவின் கிணற்றடியில் சிவப்புப் புள்ளடி இட்டாள்.

சஞ்சிகை வெளிவந்த மறுநாள், வளவுக்காரர் மஃறூப் அதைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார்.

"இந்த இடத்த உனக்கு ஆரு புள்ள சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல காக்கா. சும்மாதான் கீறின."

"சும்மாவா?" அவர் ஒழுங்கையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "வேற ஆரோடயும் இதக் கதைச்சயா?"

"இல்ல."

அவர் நம்பவில்லை. அவர்மேல் அவளுக்கும் முதன்முறையாகச் சந்தேகம் வந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் கிணற்றடி முழுவதும் கொங்கிறீட் போடப்பட்டுவிட்டது. அதன்பின் நஸ்லியா மதிலோரம் உடுப்புக் காயப்போட வந்தாலே, மஃறூப் வெளியே வந்து அவள் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.