இறுக்கக் கூடாத கட்டு

"அந்தப் பையை முதல்ல வெளிய கொண்டு போ. அப்பா என்ன காய்கறியா?" என்றாள் கண்டக்டரின் மகள், அவர் காலில் சுற்றியிருந்த பழைய கட்டுத்துணியைக் கத்தரியால் வெட்டிக்கொண்டே.

அவள் தம்பி கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு அறை வாசலிலேயே நின்றான். காலையில் அப்பா போன செய்தி கேட்டுக் கிடைத்த வண்டியில் ஓடி வந்தவன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் உள்ளே வர மூக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"மூணு மணிக்கு டிப்போ ஆளுங்க வருவாங்கக்கா. காலைச் சுத்திப் பையைக் கட்டி மேல போத்திட்டா யாருக்கும் தெரியாதேன்னு பார்த்தேன்."

"எனக்குத் தெரியும்ல? போடா."

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருபவள். பக்கத்தில் உட்கார்ந்து ஊரான் உயிருக்கும் சேர்த்து பிரேக் பிடிக்கிறவளுக்கு இந்தக் கால் எம்மாத்திரம்! அதன் சங்கதி முழுக்க அவளுக்கு அத்துப்படி.

முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்தவர் கண்டக்டர். நின்று நின்று காலில் நீர் சேர்ந்து வீங்கி, புண்ணாகிக் கசிந்தது. ஊதித் தள்ளிய சிகரெட்டில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. இரண்டும் ஒரே காலில் வந்து உட்கார்ந்ததுதான் வினை. வீக்கத்துக்கு இறுக்கிக் கட்ட வேண்டும். அடைப்புக்கு இறுக்கவே கூடாது. வீட்டுக்கு வந்து கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்த நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள்: "கட்டுக்குள்ள ஒரு விரல் தாராளமா போகணும்மா. நீர் கசிஞ்சா கசியட்டும், பஞ்சை மாத்திக்கோ. இறுக்கினா வர்ற கொஞ்ச ரத்தமும் நின்னுடும்."

இரண்டு வருஷமாக மகள்தான் கட்டை மாற்றினாள். காலையில் ஒன்று, வேலை முடிந்து வந்து ஒன்று. இன்றைக்கு நீர் எவ்வளவு, நிறம் என்ன, வாடை கூடியிருக்கிறதா என்று கட்டைப் பிரிக்கும்போதே சொல்லிவிடுவாள். "நான் அழுற ஜாதி இல்லடி. அதான் எனக்கும் சேத்து காலு அழுது" என்பார் அவர். பஸ் முழுக்கச் சிரிக்க வைத்த மனுஷன், கசிகிற காலோடு ஒருத்தர் முகத்திலும் விழிக்கவில்லை. டிப்போ நண்பர்கள் வந்தால் "தூங்குறேன்னு சொல்லு" என்று உள்ளே போய்விடுவார்.

போன வாரம்தான் கேட்டார். "நான் போற அன்னிக்கு அவனுங்க எல்லாம் வருவானுங்க. ஒருத்தனும் மூக்கைப் பொத்தக் கூடாது. பாத்துக்குவியா?"

"அது என் பொறுப்புப்பா. போய்ச் சாப்பிடுங்க" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். இன்று விடிகாலையில் தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

புண்ணைக் கழுவினாள். சுற்றிலும் தோல் ஊறாமலிருக்கக் களிம்பு தடவினாள். தடித்த பஞ்சை வைத்து, விரல்களின் அடியிலிருந்து முழங்கால் வரை சுற்றினாள். கட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள், தாராளமாகப் போனது. வெள்ளை விரிப்பைப் போர்த்திவிட்டு, "இப்ப வந்து மோந்து பாரு" என்றாள். தம்பி உள்ளே வந்து கட்டிலருகே நின்றான். மூக்கைப் பொத்தவில்லை.

ஒன்றரை மணிக்கு விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் ஈரம் தெரிந்தது. பிரித்து மறுபடி கட்டினாள். இரண்டேகாலுக்கு மறுபடி ஈரம். அடப்பாவிக் காலே, இன்றைக்குப் போயா மானத்தை வாங்குவாய்! மூன்றாவது முறை பஞ்சை இரட்டிப்பாக வைத்தாள்.

"அக்கா, கொஞ்சம் இறுக்கிக் கட்டிப் பாரேன்."

"அறிவிருக்காடா உனக்கு? இறுக்கினா ரத்தம் போகாதுடா! கால் போயிடும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து டாக்டருக்கு போன், டிப்போவுக்கு போன், வண்டிக்கு போன் என்று ஓடியதில் அப்பா போய்விட்டார் என்பதே இப்போதுதான் உறைத்தது. இரண்டு நிமிஷம் வாய்விட்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். வாக்குக் கொடுத்தவள் அவள். மணி இரண்டு நாற்பது.

அலமாரியின் அடித்தட்டில் பிரிக்காத எலாஸ்டிக் பேண்டேஜ் ஒன்று கிடந்தது. அடைப்பு இருப்பது தெரிவதற்கு முன், இறுக்கிக் கட்டவென்று வாங்கியது. அதை எடுத்து வந்தாள்.

"குதிகாலைத் தூக்கிப் பிடி."

தம்பி இரண்டு கைகளாலும் பிடித்தான். அந்தக் காலை அவன் தொடுவது அதுதான் முதல் தடவை.

மூன்று மணிக்கு டிப்போக்காரர்கள் இருபது பேர் வந்தார்கள். வெகுநேரம் சுற்றி நின்றார்கள். டிரைவர் ஒருவர் அந்தக் கால்மாட்டிலேயே உட்கார்ந்து, பஸ்ஸில் கண்டக்டர் அடித்த கூத்தையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தார். விரிப்பு கடைசிவரை உலர்ந்தே இருந்தது. அதெல்லாம் பிற்பாடு.

இப்போது அவள் அந்தக் கணுக்காலைச் சுற்றி பேண்டேஜை ஒரு சுற்று சுற்றி இழுத்தாள். இழுத்ததும் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"வலிக்கலக்கா. இழு" என்றான் தம்பி.

அவள் தலையை ஆட்டினாள். நன்றாக இறுக்கியே கட்டினாள். ஆனால் முழங்கால் வரைக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை, முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கட்டினாள்.