மூன்றாவது ஓலைக்கு முன்

லீலாபாய் தன் கவிதைகளைப் புத்தகமாக அடித்தது கணவர் இறந்த மூன்றாம் ஆண்டு. நாகர்கோவிலில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம், சொந்தச் செலவு. உடன் வேலைபார்த்த ஆசிரியைகள் ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள். யாரும் வாசித்ததாகச் சொல்லவில்லை. அது ஒருவகையில் நிம்மதியாகவே இருந்தது.

இப்போது மகள் ஜெப்சிக்குக் கல்யாணம். இரணியல் சபையில் திருமண ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். இரண்டாவது ஓலை முடிந்து வெளியே வரும்போது மாப்பிள்ளை டெனிஷின் அம்மா ஞானம், "டீச்சர் புக்கு போட்டிருக்கியளாமே, எனக்கொண்ணு தாங்க" என்றாள்.

லீலாபாய் ஒரு பிரதியில் 'அடக்கத்திற்குப் பிறகு' என்ற கவிதை இருந்த தாளைப் பிளேடால் வெட்டிவிட்டுக் கொடுத்தனுப்பினாள். பொருளடக்கத்தை மறந்துபோனாள்.

வியாழக்கிழமை ஞானம் தனியாக வந்தாள்.

"டீச்சர் வீட்டு எலி நல்லா படிச்ச எலியாக்கும். ஒரே ஒரு கவிதையத்தான் தின்னுருக்கு."

"பைண்டிங்ல விட்டுப்போச்சு போல, அக்கா."

"வேற புக்கு இருக்குல்லா, எடுங்க."

கண்ணாடி அலமாரியில் விற்காத பிரதிகள் அடுக்கியிருந்தன. இல்லையென்று சொல்ல வழியில்லை. ஞானம் நின்றபடியே வாசித்தாள்.

*வந்தவர்கள் போனபின்*
*தாழ்ப்பாள் போட்டேன்.*
*வெளியே பைக் சத்தம்.*
*யாருடையதோ.*
*புரண்டு படுத்தேன்.*

குடித்துவிட்டு வரும் கணவரின் பைக் சத்தத்துக்குப் பயந்தே வாழ்ந்தவள், அவரை அடக்கம்செய்த இரவில் நிம்மதியாகத் தூங்கியதைச் சொல்லும் கவிதை. இப்படி எழுதியவள் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? ஞானம் புத்தகத்தை மூடினாள்.

"ஜெப்சி இத வாசிச்சாளா?"

"இல்ல. அவளுக்குப் புத்தகம்னாலே ஆகாது."

"வாசிக்கச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்கு முன்ன."

"ஏன் அக்கா?"

ஞானம் குரலைத் தாழ்த்தினாள். "டெனிஷ் குடிச்சிட்டு வந்தா பெத்தவளுக்கே கை நடுங்கும். கெட்டி வச்சா மாறிருவான்னு அவங்க அப்பா சொல்லுதாரு. நான் சொன்னேன்னு மட்டும் தெரியாண்டாம்."

அவள் போனதும் லீலாபாய் மகளுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, டெனிஷ்கூட சேலை எடுக்க வந்திருக்கேன். பொறவு பேசுதேன்."

"கொஞ்சம் தனியா நில்லு, மக்கா."

"என்ன விசயம்?"

பின்னால் ஓர் ஆண்குரல்: "ஆருட்டி போன்ல? வை."

ஜெப்சி வைத்துவிட்டாள்.

லீலாபாய் வீட்டைப் பூட்டிவிட்டுப் போதகர் வீட்டுக்கு நடந்தாள். மூன்றாவது ஓலையை நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டும். ஞானத்தின் பெயரைச் சொல்லாமல் என்ன காரணம் சொல்வது என்று வாசல் மணியை அடித்த பிறகும் அவளுக்குத் தெரியவில்லை.