எல்லாருக்கும் தெரியுதா

சுடுகாட்டில் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டக் கூடாது என்றதால் செல்வி கையை மட்டும் அந்தப்புறம் நீட்டினாள். கையில் கைப்பேசி இருந்தது. கீழே, மூங்கில் தட்டியின் மேல் வெள்ளைப் பையில் அவள் கணவன் தர்மன்.

“ஏக் மினிட், பெஹன்ஜி. ஜல்தி,” என்றான் கவச உடைக்குள் இருந்த ஆள். முகத்தை மட்டும் திறந்து காட்டுவான். அவளுக்குப் பின்னால் இன்னும் பதினாறு குடும்பங்கள் நின்றன.

பதினோரு நாளாயிற்று. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது பார்த்தது. அப்புறம் ஆஸ்பத்திரி வாசலுக்குள் யாரையும் விடவில்லை. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் காலையிலிருந்து டெல்லி வெயிலில் நின்றாள். ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டால் போதும். அழுகை வரவில்லை. அதை நினைத்து வெட்கமாகக்கூட இருந்தது.

கைப்பேசியில் மாமியார் தெரிந்தாள். கோத்தகிரிக்கு மேலே, சிக்னல் கிடைக்கிற தேயிலைச் சரிவில், கொழுந்தன் விஜயன் அவளை உட்காரவைத்திருந்தான்.

“அண்ணி, கொஞ்சம் கீழ காட்டுங்க,” என்றான் விஜயன்.

செல்வி இறக்கினாள். முழங்கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டாள். ஒரு வருஷத்துப் பழக்கம் அது.

தர்மன் லோதி ரோட்டில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. நீலகிரி மலையின் குறும்பர் பழங்குடி வீட்டுப் பிள்ளை. பாட்டன் பூட்டன்கள் பாறையில் வரைந்த தேனெடுப்பவர்களைக் காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தவன். போன வருஷம் ஊரடங்கு வந்ததும் ஞாயிறுதோறும் நாலு மணிக்கு ஆன்லைனில் வகுப்பு எடுக்க ஆரம்பித்தான். ஊரிலிருந்து சாயத்துக்கான வேங்கைப் பிசின் வரவில்லை என்று கொஞ்ச நாள் டீ டிகாக்‌ஷனில்கூட வரைந்தான். கைப்பேசி மாட்ட வாங்கிய ஸ்டாண்டு முதல் நாளே தலையைத் தொங்கப்போட்டது. அன்றிலிருந்து செல்விதான் ஸ்டாண்டு. ஸ்டூலில் ஏறி, அவன் கைக்கு நேர் மேலே ஒரு மணி நேரம் பிடித்திருப்பாள். அவள் பார்த்ததெல்லாம் திரையின் கட்டங்களில் இருந்த முகங்களைத்தான். புனேயிலோ கனடாவிலோ யாராவது புருவத்தைச் சுருக்கினால் கையைச் சரிசெய்வாள்.

“ஊரே பாக்குது, பக்கத்துல நிக்கிறவ பாக்கல,” என்று தர்மன் கேலி செய்வான்.

ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

“தெரியுதா?” என்றாள் செல்வி. வகுப்புப் பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது. “எல்லாருக்கும் தெரியுதா?”

திரையில் மாமியார் கண்ணைச் சுருக்கினாள். செல்வி கையை ஒரு விரற்கடை இடதுபக்கம் நகர்த்தினாள். மாமியாரின் முகம் தெளிந்தது, வாய் கோணியது. ஆட்காட்டி விரல் பெரிதாகி வந்து திரையை மறைத்தது. எதையோ துடைப்பதுபோல இரண்டு முறை அசைந்தது. எதற்கென்று செல்விக்கு விளங்கவில்லை. கை ஆடாமல் பார்த்துக்கொண்டாள்.

“ஹோ கயா,” என்று முடித்துக்கொண்டான் அந்த ஆள்.

அவள் குனிந்து பார்த்தபோது பை மூடியிருந்தது.

“ஏக் பார் அவுர், பையா,” என்று இன்னொரு தடவை காட்டச் சொல்லிக் கேட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். தட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு மேல்வீட்டு ராமசுப்ரமணியன் தன் காரில் கொண்டுவந்து விட்டார். அவள் குளித்துவிட்டு வந்து கதவைத் திறந்தபோது படியில் காபி பிளாஸ்க் இருந்தது.

அன்றும் ஞாயிறுதான். நாலு மணிக்குக் கைப்பேசி கிணுகிணுத்தது. ‘சார், இன்னைக்காவது கிளாஸ் உண்டா?’ செல்வி அதைப் படித்தாள். பதில் எழுதத் தெரியாதவள்போல் உட்கார்ந்திருந்தாள். அப்போது விஜயன் கூப்பிட்டான்.

“அம்மா பேசணும்குது, அண்ணி.”

“கண்ணு,” என்றாள் மாமியார். “நல்லாத் தெரிஞ்சுது. நீ புடிச்சிருக்காட்டி நான் எங்க எம்பையனப் பாக்கறது?”

“சரிங்க அத்தை.”

கொழும்பிலோ எங்கோ இருக்கிற ஒரு மாணவியின் செய்தியும் வந்து விழுந்தது.

“அத்தை,” என்றாள் செல்வி. “அவரு எப்படி இருந்தாரு?”

நீதானே பக்கத்தில் நின்றாய் என்று மாமியார் கேட்பாள் என்று செல்வி காத்திருந்தாள். அவள் கேட்கவில்லை.

“தாடி வளந்து போச்சு கண்ணு. பாதிக்கு மேல நர. வாய் மூடித்தான் இருந்துது. தூங்கறாப்புல இல்ல, பொய் சொல்லமாட்டேன்.” மூச்சு வாங்கினாள். “நெத்தியில ஒரு துளி பஞ்சு ஒட்டியிருந்துது. எடுத்துவுடலாம்னு கை போச்சு. கண்ணாடிதான் தட்டுச்சு.”

“எந்தப் பக்கம் அத்தை?”

“வலது புருவத்துக்கு மேல.”

“சரிங்க அத்தை.”

மாமியார் முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்ல ஆரம்பித்தாள், இந்த முறை மெதுவாக. கைப்பேசியைப் பிடித்திருந்த கை வலித்தது. செல்வி இன்னொரு கையை முழங்கைக்கு அடியில் கொடுத்துக்கொண்டாள்.