நரகத்தின் வாயில் ஒரு முகம்

விடிவதற்குள் பனியை மிதித்துக்கொண்டு வந்து, அவர்கள் அந்த அடித்தள அறைக்குள் இறங்கினார்கள். அமெரிக்காவில், ஐசலின் என்ற ஊரின் ஓக் ட்ரீ ரோட்டில், ஒரு புடவைக்கடைக்குக் கீழே இருந்தது அது. ஜன்னல் கிடையாது. மானிட்டர்கள் சூடேறி அறை வெதுவெதுப்பாகும்வரை விரல்கள் மரத்துக் கிடக்கும். ரெபெக்கா கைகளை அக்குளுக்குள் செருகி வைத்திருந்துவிட்டுத்தான் மவுஸைத் தொடுவாள்.

விசாவில் அவர்கள் ப்ரோக்ராமர்கள். செய்ததோ வேறு வேலை. பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானிய மரச்செதுக்கு ஓவியர் லோரன்ஸ் ஹால்பாக்கின் படங்களை நியூயார்க் பதிப்பகம் ஒன்று சிடியாகக் கொண்டுவர இருந்தது. பூச்சி அரித்த பழைய தாள்களின் ஸ்கேன்கள் வந்து குவிந்தன. கறைகளை நீக்கி, அறுந்துபோன கோடுகளை ஒட்டவேண்டும். எல்லாம் மயிரிழைக் கோடுகள். ஒரு தேவதையின் சிறகை முடிப்பதற்குள் மணிக்கட்டில் நெருப்பு பிடிக்கும்.

அடுத்த நாற்காலிக்காரன் சேனாபதிக்கு அந்த நெருப்பு தோள்வரை ஏறியிருந்தது. தொண்ணூற்றெட்டு ஜனவரியில் ஒரு காலை, முதலாளி வெங்கடாசலம் படியின் மேலிருந்து கூப்பிட்டார்.

"சேனாபதி, புது மானிட்டர் வந்திருக்கு. வந்து கீழ எடுத்துட்டுப் போ."

"சார், கைல பிடிமானமே இல்ல. இன்னும் ஒருத்தரை அனுப்புங்க."

"ஒரு டப்பா தூக்க ரெண்டு பேரா? சீக்கிரம் வாடா."

சுமையோடு இறங்கும்போது, பனி உருகி நனைந்த படியில் கால் வழுக்கியது. அந்தப் பெரிய மானிட்டருக்கும் இரும்புக் கைப்பிடிக்கும் நடுவே சேனாபதியின் வலது கை நசுங்கியது. அலறல் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். வெங்கடாசலமும் ஓடிவந்தார். அவர் குனிந்து தூக்கியது மானிட்டரை.

"ஸ்க்ரீன் கிராக் ஆயிடுச்சா பாரு!"

ரெபெக்காவின் துப்பட்டா சேனாபதியின் கையைச் சுற்றிச் சிவந்துகொண்டிருந்தது. அந்த ஒரு வாக்கியம் அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். அவளுக்கு மன்னிக்க வரவில்லை. வரவேண்டும் என்ற விருப்பமும் இல்லை.

மறுநாள் வெங்கடாசலம் அவள் மேசைக்கு வந்தார்.

"சேனாபதியை ஊருக்கு அனுப்புறேன். ட்ரீட்மென்ட் எல்லாம் சென்னைலயே பாத்துக்கட்டும். அவன் முடிக்காத படமெல்லாம் நீ முடிச்சுடு. வியாழக்கிழமை பப்ளிஷர் மேடம் வர்றாங்க."

அவன் பாதியில் விட்டிருந்த படத்தைத் திறந்தாள். நரகம் பெரிய மீனின் வாய்போலத் திறந்திருக்க, பாவிகள் உள்ளே சரிகிறார்கள். முன்னால் விழுபவனுக்குக் கொழுத்த கன்னம், மூக்கில் ஒரு மரு. அந்த மூக்கை அவளுக்குத் தெரியும். படங்களோடு சேரவேண்டிய ஹால்பாக்கின் வரலாற்றை டைப் அடித்தவள் அவள்தான்.

ஹால்பாக் பேரிக்காய் மரப்பலகையில் வரைந்து, வேண்டாத மரத்தைச் செதுக்கி எடுத்து, மிஞ்சி நின்ற கோடுகளில் மை தடவி அச்சிட்டவர். நகரத்துப் பிஷப்புக்காகப் பைபிள் படங்கள் செய்துகொடுத்தார். உழவர்கள் கலகம் செய்தபோது, பிஷப்பின் குதிரைப்படை அவர்களை வயல்களிலேயே வெட்டிச் சாய்த்தது. ஹால்பாக்கின் தம்பியும் அதில் செத்தான். அவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த படத்தில் நரகத்துக்குள் விழுபவனுக்குப் பிஷப்பின் முகத்தைச் செதுக்கினார். ஊரே வாங்கிப் பார்த்துச் சிரித்தது. அவரைச் சிறையில் அடைத்தார்கள், அவர் வெளியே வரவேயில்லை. அவர் போன மறுநாளே பட்டறையின் மற்ற செதுக்குக்காரர்கள் அவருடைய இடத்தில் உட்கார்ந்து, மீதிப் படங்களைப் பிஷப்புக்கு முடித்துக்கொடுத்தார்கள்.

டைப் அடித்தபோது அந்தக் கடைசி வரி வெறும் வரி. இப்போது அவள் உட்கார்ந்திருந்தது சேனாபதியின் படத்தின் முன்னால்.

மவுஸை இறுகப் பிடித்தாள். பிஷப்பின் கன்னத்தை இழைத்தாள். மருவை அழித்தாள். மீசை, மூக்குக்கண்ணாடி, ஏறிய நெற்றி. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் வெங்கடாசலம் நரகத்தின் வாய்க்குள் தலைகீழாக விழுந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கோட்டையும் அவள் ருசித்துப் போட்டாள்.

பின்னால் மரகதம் நின்றிருந்தாள். அந்த அறையில் எல்லோருக்கும் அவள் அக்கா.

"அச்சு அசல் அவனேதான். இதை என்ன பண்ணப்போற?"

"மாஸ்டர் சிடில போகும்க்கா. அமெரிக்கா பூரா பாக்கட்டும்."

"பாத்து? உன்னை அடுத்த ஃப்ளைட்ல ஏத்துவான். படத்தை நான் சரிபண்ணணும். மாட்டேன்னா என்னையும் அனுப்புவான், இன்னொருத்தர் பண்ணுவாங்க."

ரெபெக்கா மவுஸைத் தள்ளிவிட்டாள். "அவன் வலியில துடிக்கணும்க்கா. சேனாபதி முன்னாடி நின்னு கெஞ்சணும்."

"எனக்கும் அந்த ஆசைதான்டீ. ஆனா அதுக்கு நீ ஒருத்தி பத்தாது."

அன்று வீடு திரும்பும் வேனில் யாரும் தூங்கவில்லை. வேலையை நிறுத்தும் பேச்சு எழுந்ததும், கிரீன் கார்டுக்குக் காத்திருந்தவர்கள் பயந்தார்கள். ஒருவன் அழுதான். ஆனால், "இனிமே சேனாபதி நாற்காலில நான் உக்கார மாட்டேன். நீங்க?" என்று ரெபெக்கா ஒவ்வொருவரையும் கேட்டபோது, உட்காருவேன் என்று ஒருவருக்கும் சொல்ல வாய் வரவில்லை.

வியாழக்கிழமை பதிப்பகத்துப் பெண் இறங்கி வந்தபோது, மானிட்டர்கள் எல்லாம் அணைந்திருந்தன. எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். நடுவில் சேனாபதி, கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

வெங்கடாசலத்தின் முகம் வெளிறியது. "என்ன இது? ஆன் பண்ணுங்க!"

"இங்க வேலை செய்யும்போது இவரோட கை நசுங்கிடுச்சு," என்று ரெபெக்கா அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். "இங்கேயே இவருக்கு வைத்தியம் நடக்கணும். வேலையும் இருக்கணும். அதுவரைக்கும் ஒரு கோடுகூட வரைய மாட்டோம்."

அந்தப் பெண் கையைப் பார்த்தாள். பிறகு வெங்கடாசலத்தைப் பார்த்தாள். "இதை முடித்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்," என்று சொல்லிப் படியேறினாள். யார் பக்கம் என்று அவள் சொல்லவில்லை.

வெங்கடாசலம் பற்களைக் கடித்தார். "எல்லார் விசாவும் கேன்சல். நாளைக்கு ஒருத்தரும் இங்க இருக்க மாட்டீங்க."

"கேன்சல் பண்ணுங்க சார்," என்றாள் ரெபெக்கா. "அப்புறம் படத்தை யார் முடிப்பாங்க?"

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். உடைந்துவரக்கூடிய ஒன்றைத் தேடினார். வேனில் அழுதவன்கூடக் கண்ணைத் தாழ்த்தவில்லை. வெங்கடாசலத்தின் மேலுதட்டில் வேர்வை துளிர்ப்பதை ரெபெக்கா கண்கொட்டாமல் பார்த்தாள்.

மரகதம் ஒரு காலி நாற்காலியை இழுத்து, சேனாபதிக்கு எதிரே போட்டாள்.

"நாளைக்கு இருக்கோமோ இல்லையோ, இன்னைக்கு இருக்கோம்ல. உக்காருங்க சார். அவன்கிட்ட பேசுங்க."